அகரம் எங்கிருந்து தொடங்குகிறது?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பையனின் பின்னால், அவன் அறியாமல் தரையில் உட்கார்ந்து, அவன் சிலேட்டில் 'அ' எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறோர் ஊரில் இரண்டு ஆண்டுகள் மழலையர் வகுப்பில் படித்துவிட்டு வந்தவன் அவன். அவனுடைய நோட்டில் இருந்த அகரங்கள் அச்சில் வார்த்தவை போல இருந்தன. ஒரு மாதமாக நானும் அவற்றுக்கு நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று கண்டது வேறு. முதலில் வலப்பக்கத்து நேர்க்கோட்டைக் கீழிருந்து மேலாக இழுத்தான். அதன் நடுவிலிருந்து இடப்பக்கமாக ஒரு படுக்கைக்கோடு போட்டான். அந்தக் கோட்டின் முனையில் ஒரு வட்டம் வைத்தான். கடைசியில், வட்டத்தின் தலைக்கு மேல் ஒரு வளைவைத் தொப்பி போலப் பொருத்தினான். நான்கு முறை பலப்பத்தை எடுத்து, நான்கு துண்டுகளை ஒட்டவைத்து முடித்தபோது, குற்றம் சொல்ல இடமில்லாத ஓர் அகரம் சிலேட்டில் இருந்தது. வீட்டுப் படம் வரைகிற பிள்ளை சுவர், கதவு, கூரை என்று ஒவ்வொன்றாக வைப்பதைப் போலவே அவன் அகரத்தை வரைந்திருந்தான்.

அகரத்துக்கு ஒரு வழி உண்டு. மேலே இடப்புறத்தில் ஒரு சிறு வளைவில் புறப்பட்டு, வலப்புறமாக வளைந்து இறங்கி, அடியில் இடப்பக்கம் சுற்றி மேலேறி, தான் இறங்கி வந்த கோட்டையே குறுக்கே வெட்டிக்கொண்டு வலப்பக்கம் ஓடி நிற்க வேண்டும். அதன் பிறகு ஒரே ஒருமுறை கையை எடுத்து, மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடு. இந்த வழியில் போனவனுக்கும் துண்டு துண்டாக ஒட்டவைத்தவனுக்கும் முடிவில் கிடைக்கும் எழுத்து ஒன்றுதானே, இதில் என்ன வந்தது என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டிருக்கிறார். தனி எழுத்தாக எழுதும்வரை எதுவும் வராதுதான். சொல்வதெழுதுதல் தொடங்கும்போதுதான் வினை தெரியும். 'அம்மா வந்தார்' என்று நான் சொல்லி முடிப்பதற்குள் மற்றப் பிள்ளைகள் 'அம்மா' எழுதியிருப்பார்கள். இவன் முதல் எழுத்தின் மூன்றாம் துண்டில் இருப்பான். அடுத்து என்ன ஒலி வந்தது என்பது அதற்குள் அவன் காதிலிருந்து போய்விடும். மூன்றாம் வகுப்புக்குப் போனபின், பாடம் முழுவதும் வாயால் சொல்லத் தெரிந்திருந்தும் கரும்பலகையில் இருப்பதை எழுதி முடிக்காத பிள்ளை என்று ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அவர்களைச் சோம்பேறி என்று சொல்லிவிடுகிறோம். அவர்களில் பலரை நான் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எழுத்தை எங்கே தொடங்குவது என்பதை யாரும் அவர்களுக்குக் காட்டியிருக்கவில்லை.

அந்த 'யாரும்' என்பதில் நானும் அடக்கம். வேலைக்கு வந்த முதல் பத்து ஆண்டுகள் நான் நோட்டுகளைத் திருத்தினேன், பிள்ளைகளைப் பார்க்கவில்லை. நாற்பது நோட்டுகளை மேசையில் அடுக்கிவைத்து, சிவப்பு மையால் பிழையான எழுத்தைச் சுழித்து, பக்கத்தில் சரியான எழுத்தை எழுதிக் கொடுப்பேன். சிவப்பில் நான் எழுதியது எந்த இடத்தில் தொடங்கி எந்தப் பக்கம் திரும்பியது என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? காய்ந்த மையில் திசை தெரியாது. அந்தப் பத்து ஆண்டுகளில் என்னிடம் படித்தவர்களில் சிலர் இப்போது தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். சேர்க்கைப் படிவத்தில் அவர்கள் கையெழுத்துப் போடும்போது பேனா எந்தப் பக்கம் போகிறது என்று என் கண் தானாகப் போய்விடுகிறது.

மணலில் விரலால் எழுதிய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இந்தச் சிக்கல் குறைவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்தப் பள்ளிக்கூடங்களின் பிரம்பையும் மனப்பாடத்தையும் நான் புகழ வரவில்லை. ஆனால் மணலில் விரல் உழுதுகொண்டு போகும்போது, எழுத்தும் அது வந்த வழியும் சேர்ந்தே கண்ணில் படுகின்றன. விரல் திரும்பும் இடத்தில் மணல் ஒதுங்கிக் குவிகிறது. தவறு செய்தால் உள்ளங்கையால் ஒரு தடவு. பிழை என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இராது. சென்னையில் எழும்பூரில் இருந்த ஆண் அனாதைகள் காப்பகத்தின் கண்காணிப்பாளராக 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், ஒரு நாள் காலையில் குதிரையில் போகும்போது, இப்படி ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் காப்பகத்திலும் அதையே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர் அதற்கு இணங்காததால், எட்டு வயது மாணவன் ஒருவனிடம் சிறு பிள்ளைகளை ஒப்படைத்தார். அவன் செய்து காட்டினான். அதை 1797இல் லண்டனில் நூலாக அவர் வெளியிட்ட பிறகு 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு அது போயிற்று. மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்றுக்கொடுப்பதைத்தான் அந்த முறையின் சாரமாக எல்லோரும் பேசுகிறார்கள். அந்த எட்டு வயதுப் பையன் கையில் இருந்தது ஒரு தட்டு மணல் என்பதை நான் விடாமல் நினைத்துக்கொள்வேன்.

என் வகுப்பில் பழைய எவர்சில்வர் தாம்பாளங்கள் ஆறு இருக்கின்றன. ஆற்றுமணலைச் சலித்து, கழுவி, வெயிலில் காயவைத்து, தாம்பாளத்தில் அரை விரற்கடை உயரத்துக்குப் பரப்பியிருக்கிறேன். அதற்கு மேல் ஆழமாகப் போட்டால் கோடு சரிந்து மூடிக்கொள்ளும். மெல்லியதாகப் போட்டால் விரல் தட்டில் உரசி வழுக்கும். சில பிள்ளைகளுக்கு மணல் பிடிக்காது, கையை உதறுவார்கள். அவர்களுக்கு அட்டையில் ஒட்டிய உப்புத்தாள் எழுத்துகள். மரியா மாண்டிசோரி ரோமில் 1907இல் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் உருவான முறையில் இந்த உப்புத்தாள் எழுத்துகளுக்கு முக்கியமான இடம் உண்டு. அந்த அம்மையார் 1939இல் அடையாற்றுக்கு வந்து, போர் முடியும்வரை சென்னையிலும் கொடைக்கானலிலுமாக இருந்தவர். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு உப்புத்தாளில் விரலை ஓட்டும்போது முகத்தைப் பார்க்க வேண்டும்: திருப்பம் வரும் இடத்தில் புருவம் சுருங்கும்.

விஜயதசமி அன்று தாம்பாளத்து நெல்லிலோ அரிசியிலோ பெரியவர் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுதவைப்பது வேறு. கூத்தனூர் சரசுவதி கோயிலில் அன்று நிற்கும் கூட்டத்தில் நானும் ஒருமுறை என் மகனோடு நின்றிருக்கிறேன். அது சடங்கு, அதற்கு உரிய மதிப்போடு செய்யலாம். ஆனால் அன்றாடம் கற்பிக்கும்போது கையைப் பிடித்து எழுதவைப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பெரிய கை மேலே வந்த உடனே சின்னக் கை தளர்ந்து, இறந்த மீன் போல ஆகிவிடும். எழுதுவது பெரியவர் கையாகவே இருக்கும். பிள்ளையை என் புறங்கையின் மேல் தன் கையை வைத்துக்கொள்ளச் சொல்லி நான் எழுதினால், அதே வழி அதன் கைக்கு எவ்வளவோ நன்றாகப் போய்ச் சேருகிறது.

கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருந்து, ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக இறுகுகின்றன. மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்து இரட்டைக்கோட்டுக்குள் எழுது என்பது அந்தக் கைக்கு இழைக்கும் அநியாயம். தோள் முதலில் பழகும், பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு, விரல்கள் கடைசி. செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் வந்தபோது, வகுப்புச் சுவரின் அடிப்பாகம் முழுவதும் பிள்ளைகள் எழுதக் கறுப்பு அடித்துக் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தைப் பற்றி ஆசிரியர்களுக்குள் எத்தனையோ சண்டை உண்டு. அந்தக் கீழ்ப்பலகைக்காக மட்டும் நான் யாரோடும் சண்டை போடத் தயார். நின்றுகொண்டு, தோளை வீசி, ஒரு முழ உயரத்தில் 'ட' போடுகிற பிள்ளைக்கு அந்த எழுத்து உடம்பில் ஏறுகிறது. முழுச் சாக்பீசைக் கொடுக்காமல் விரல்நுனி அளவுத் துண்டாக ஒடித்துக் கொடுத்தால், அதை முஷ்டியில் பிடிக்க முடியாது. மூன்று விரலால்தான் பிடித்தாக வேண்டும். பிடிப்பைத் திருத்த இதைவிடச் சுருக்கமான வழியை நான் கண்டதில்லை. வீட்டில் பல்லாங்குழியும், புளியங்கொட்டை பொறுக்குவதும், பூக் கட்டுவதும் செய்த கைகள் தனியாகத் தெரியும்.

எழுத்துகளின் வரிசையில் எனக்கு ஒரு குறை உண்டு. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247ஐயும் அரிச்சுவடி வரிசையில் வாயால் சொல்வது நல்லது. அந்த ஓசை ஒழுங்கில் ஓர் இலக்கணமே இருக்கிறது. எழுதுவதை அதே வரிசையில் தொடங்கினால், மிகக் கடினமான வடிவங்களில் ஒன்றான அகரம் முதல் நாளே முன்னால் வந்து நிற்கும். மூன்றாம் நாள் இகரம். ஆகவே நான் 'ட'வில் தொடங்குகிறேன்: மேலிருந்து கீழே ஒன்று, கீழிருந்து வலப்பக்கம் ஒன்று, முடிந்தது. அதே வழியில் போய் மேலே ஏறினால் 'ப'. 'ப' ஏறிய இடத்தில் நிற்காமல் உட்புறமாக மடங்கி இறங்கினால் 'ம'. மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும் போதும். படம், மடம், பட்டம் என்று ஒரே வாரத்தில் சொற்கள் வந்துவிடுகின்றன. க, ச, த மூன்றும் ஒரே தெருவில் புறப்பட்டுக் கடைசித் திருப்பத்தில் பிரிபவை. அவற்றைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பிரியும் இடத்தை மட்டும் காட்டினால் போதும். அகரம் எங்கள் வகுப்பில் இரண்டாம் மாதம்தான் வரும். வாயால் மட்டும் முதல் நாளிலிருந்தே 'அ - அம்மா' சொல்லிக்கொண்டுதான் இருப்போம்.

மூன்று சுழி 'ண' வரும்போது வகுப்பில் ஒரு வேடிக்கை நடக்கும். சுழித்துக்கொண்டே போகும் கைக்கு எங்கே நிற்பது என்று தெரியாது; நான்கு சுழி, ஐந்து சுழி, ஒருத்தி ஒருமுறை சிலேட்டின் விளிம்புவரை சுழித்துக்கொண்டு போய், "டீச்சர், இடம் பத்தல" என்றாள். எண்ணிச் சொல்லிக்கொண்டே எழுதுவதுதான் மருந்து: ஒண்ணு, ரெண்டு, மூணு, இறக்கு. இரண்டு சுழி 'ன'வுக்கு ஒண்ணு, ரெண்டு, இறக்கு. இந்தத் தாளம் கைக்கு வந்தபின் வாய் தானாக அடங்கிவிடும். டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பழைய பெயர்களையும் அப்போதே காதில் போட்டு வைக்கிறேன். ண் என்பதற்குப் பின்னால் ட வரும், ன் என்பதற்குப் பின்னால் ற வரும், ந் என்பதற்குப் பின்னால் த வரும் என்று அந்தப் பெயரே பிற்காலத்தில் எழுத்துப்பிழையைக் காத்துக்கொடுக்கும்.

ஆனால் முதல் வகுப்பு ஆசிரியருக்கு உண்மையான மலை உகரம். ஆகாரத்துக்குத் துணைக்கால், இகரத்துக்குத் தலையில் ஒரு வளைவு என்று பழகிவிட்ட பிள்ளை, உகரத்துக்கும் ஏதோ ஒன்றைச் சேர்த்தால் போதும் என்று எதிர்பார்க்கும். க, கு ஆகிறது. த, து ஆகிறது. ப, பு ஆகிறது. மூன்றுக்கும் வெளிப்பார்வைக்கு எந்த உறவும் இல்லை. வாய்பாடு போல 18ஐயும் எழுதவைத்து நானும் பிள்ளைகளும் சோர்ந்துபோன ஆண்டுகள் உண்டு. ஒரு கோடை விடுமுறையில் அவற்றை ஒரு தாளில் எழுதி, கை எந்தப் பக்கம் போகிறது என்று மட்டும் பார்த்தபோது, மூன்று கூட்டமாக அவை பிரிந்தன. கோடு நேராகக் கீழே இறங்குபவை ஐந்து: ஙு, சு, பு, யு, வு. வளைந்து சுற்றி வருபவை ஆறு: கு, டு, மு, ரு, ழு, ளு. அடியில் மடங்கி வலப்பக்கம் ஏறி நிற்பவை ஏழு: ஞு, ணு, து, நு, லு, று, னு. ஐந்தும் ஆறும் ஏழும் பதினெட்டு. பிள்ளைகளிடம் இறங்கும் வீடு, சுற்றும் வீடு, ஏறும் வீடு என்று சொன்னேன்; எழுத்து அட்டைகளைக் கலைத்துப் போட்டு, எது எந்த வீட்டுப் பிள்ளை என்று பிரிக்கச் சொன்னேன். ஊகாரம் வரும்போதும் இந்த வீடுகள் உதவுகின்றன: ஏறும் வீட்டார் எல்லாரும் பக்கத்தில் ஒரு கால் சேர்த்துக்கொண்டு தூ, நூ, லூ ஆகிறார்கள்; சுற்றும் வீட்டார் வாலில் ஒரு சுழி போட்டுக்கொண்டு டூ, மூ, ரூ ஆகிறார்கள். 'கூ' மட்டும் யார் பேச்சையும் கேட்காது. வகுப்பில் ஒரு வால்பையன் எப்போதும் உண்டு. 'கூ' அவனுக்கு என்று ஒதுக்கிவிடுவோம், அவன் அதை மறக்கவே மாட்டான்.

ஒற்றைக்கொம்பு இன்னொரு வகைத் தொல்லை. 'கெ' என்று சொல்லும்போது ககரம் முதலில் காதில் விழுகிறது. எழுதும்போது கொம்பை முதலில் போட வேண்டும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும். முன்னால் ஒரு கட்டம் காலியாக விட்டு, ககரத்தை எழுதி, பிறகு திரும்பி வந்து கொம்பை நுழைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காதுக்கு உண்மையாக இருக்கிறது அந்தக் கை. கோபித்துக்கொள்ள மனம் வராது. முழு எழுத்தையும் வாயால் சொல்லி முடித்த பிறகே பலப்பம் சிலேட்டைத் தொட வேண்டும் என்ற ஒரே விதியால் இது மெல்லச் சரியாகிறது. ஐகாரத்தில் என் வகுப்புக்கு ஒரு வரலாறே வந்து சேர்ந்தது. ஒரு பெண் 'மலை' என்ற சொல்லில் லகரத்தின் தலையில் யானைத் துதிக்கை போல ஒரு வளைவை வைத்து எழுதினாள். பாட்டி சொல்லிக்கொடுத்தாராம். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வரும்வரை ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் அப்படித்தான் எழுதப்பட்டன. அவற்றோடு ணா, றா, னாவும் அவற்றின் ஒகர, ஓகார வரிசைகளுமாக மொத்தம் 13 எழுத்துகள் மாறின. பெரியார் 1935லேயே தம் குடிஅரசு இதழில் இந்த வடிவங்களைக் கையாளத் தொடங்கிவிட்டார். பாட்டியின் எழுத்தைப் பிழை என்று நான் சொல்லவில்லை. "அது பாட்டி வீட்டு லை, இது பள்ளிக்கூடத்து லை" என்றேன். அவள் இரண்டையும் வைத்துக்கொண்டாள்.

இப்போது புள்ளி எழுத்துப் பயிற்சிப் புத்தகங்கள். எழுத்தின் வடிவத்தில் புள்ளிகளை வைத்து, அவற்றைச் சேர்க்கச் சொல்லும் அந்தப் புத்தகங்கள் இல்லாத மழலையர் வகுப்பு இன்று அரிது. அந்தப் பையனும் அதிலிருந்து வந்தவன்தான். அவன் முன்பு படித்த இடத்தில் நாளுக்கு இரண்டு பக்கம் எழுதவைத்தார்களாம். புள்ளிக்கு எண் கிடையாது, அம்புக்குறி கிடையாது. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குப் போனாலும் பக்கம் நிறைந்துவிடும், பெற்றோருக்கு நிறைவாக இருக்கும். தவறான வழி ஒன்றை நாளுக்கு நாற்பது முறை உழுது ஆழமாக்குவதற்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. வீட்டுப்பாடத்தில் நானும் ஒரு காலத்தில் 'ஒரு பக்கம் எழுதி வா' என்றவள்தான். நோட்டை உற்றுப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. முதல் வரியில் எழுத்து நன்றாக இருக்கும். இரண்டாவதில் சற்றுச் சாயும். ஆறாவதில் வேறு எழுத்தாகவே ஆகியிருக்கும். ஏனென்றால், பிள்ளை மேலே நான் எழுதிய மாதிரியைப் பார்ப்பதில்லை. தனக்கு நேர்மேலே தான் எழுதியதைப் பார்த்து எழுதுகிறது. இப்போது நான்கு எழுத்துதான் கொடுக்கிறேன். அதில் எது மிக நன்றாக வந்தது என்று பிள்ளையே ஒன்றைச் சுழித்துக்கொண்டு வர வேண்டும். பக்கம் காலியாக இருக்கிறதே என்று கேட்கும் அம்மாக்களிடம் விளக்கம் சொல்லிச் சொல்லி என் ஜூன், ஜூலை மாதங்கள் போய்விடுகின்றன.

இடக்கைப் பிள்ளைகளைப் பெஞ்சின் இடக்கோடியில் உட்காரவையுங்கள், சிலேட்டைச் சற்று வலப்பக்கம் சாய்த்துக் கொடுங்கள், கையை மாற்றச் சொல்லாதீர்கள். அவ்வளவுதான்.

அந்தப் பையனுக்கு வருகிறேன். அவன் சிலேட்டைச் சில வாரங்கள் வாங்கி வைத்துவிட்டேன். காலையில் மணல் தாம்பாளம், மதியம் கீழ்ப்பலகை, சாயங்காலம் முதுகெழுத்து. முதுகெழுத்து என்பது எங்கள் வகுப்பு விளையாட்டு: ஒருவன் முன்னால் உட்காருவான், பின்னால் இருப்பவன் அவன் முதுகில் விரலால் ஓர் எழுத்தை எழுதுவான், முன்னால் இருப்பவன் கண்ணை மூடிக்கொண்டு என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். துண்டு துண்டாக ஒட்டிய எழுத்தை முதுகால் படிக்க முடியாது. அவன் எழுதியதை யாராலும் கண்டுபிடிக்க முடியாமல் முதல் வாரம் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் சரியாத்தான் டீச்சர் போட்டேன்" என்பான். சரியாகத்தான் போட்டான்; வழிதான் வேறு. நான் என் விரலால் அவன் முதுகில் அகரத்தை மெல்ல எழுதிக் காட்டினேன், நாளைக்கு ஐந்து ஆறு முறை, வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆவணியில் ஒரு நண்பகல், சத்துணவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். இடக்கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, வலக்கை ஆள்காட்டி விரலால் தனக்கு முன்னால் நின்றவன் சட்டையில் அவன் ஏதோ எழுதினான். முன்னால் நின்றவன் திரும்பாமலே "இ" என்றான். "இல்லடா, சரியாப் பாரு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் எழுதினான், இம்முறை மிகவும் மெதுவாக. விரல் இடத் தோள்பட்டைக்குக் கீழே ஒரு சிறு வளைவில் புறப்பட்டு, வளைந்து இறங்கி, அடியில் சுற்றி ஏறி, முதுகைக் குறுக்கே கடந்து வலப்பக்கம் போய் நின்றது. பிறகு விரலை எடுத்தான். மேலே கொண்டுபோய் நேராகக் கீழே இழுத்தான். "அ" என்றான் முன்னால் நின்றவன். வரிசை நகர்ந்தது.